பக்கத்து வீட்டு வெள்ளி டைம்கள்: 313 நாணயங்களுக்கு விலை பார்த்த அனுபவம்

"மொத்தமாக 313 டாலர் தருகிறோம், இன்றே முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டபடி, எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒரு செருப்புப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தார். அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய நகை வாங்கும் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார். ஒரு நாணயத்தைக்கூட எடுத்து ஆராயாமல், எத்தனை நாணயம் என்று மட்டும் எண்ணிவிட்டு, முகமதிப்பைப் போல் பத்து மடங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பத்து சென்ட் நாணயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர்.

நான் இருப்பது பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில். ஊரில் இருந்தபோதே நாணயம் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பதால் அந்த அம்மாவுக்கு என் நினைவு வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், இரண்டு மூன்று வாரக் கடைசி நாள்கள் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மூன்று வாரம் செய்ததை இங்கே எழுதுகிறேன். அப்பா, தாத்தா விட்டுப்போன இப்படி ஒரு பெட்டி அமெரிக்காவில் பல வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அவசரத்தில் விற்கப்படுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

முதலில் பெயர். அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயத்துக்கு டைம் என்று பெயர். 1964 வரையிலான டைம்கள் 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு. எடை 2.5 கிராம், குறுக்களவு 17.9 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். கைமாறாமல், நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே பத்திரப்படுத்தப்பட்டவற்றைப் புழங்காத நாணயம் என்பார்கள். இந்தப் பெட்டியில் இருந்தவை எல்லாம் அப்படிப்பட்டவை என்று பெட்டி மூடியில் அவர் கணவர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எந்த நாணயமும், நிலையை மதிப்பிட்டுச் சொல்லும் தர நிறுவனத்துக்குப் போய்ப் பிளாஸ்டிக் கூட்டில் அடைக்கப்பட்டு வந்ததில்லை.

பெட்டியில் மூன்று வகை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் முகம் கொண்ட, 1946 முதல் 1964 வரையிலான ரூஸ்வெல்ட் டைம்கள் அழுத்திப் பதித்த நீல அட்டை ஏடு ஒன்று. மூன்று நாணயச்சாலைகளையும் சேர்த்தால் அந்த வரிசைக்கு 48 நாணயம், 48ம் இருந்தது. அடுத்து, வட்ட ஜன்னல் வைத்த சதுர அட்டைகளில் ஸ்டேப்ளர் அடித்து வைத்த, அதற்கு முந்தைய வடிவமான மெர்க்குரி டைம்கள் 15, 1941 முதல் 1945 வரை. மிச்சம் ஐந்து பிளாஸ்டிக் குழாய்கள், குழாய்க்கு 50 வீதம் 250. மேலே ஒட்டிய தாளில் 1955 எஸ், 1960 டி, 1962 டி, 1964, 1964 டி என்று எழுதியிருந்தது. டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, எழுத்து இல்லாதது பிலடெல்பியா. அந்தக் காலத்து ரூஸ்வெல்ட் டைமில் இந்த எழுத்து பின்பக்கம்தான் இருக்கும், அங்கே பொறித்த தீப்பந்தத்தின் அடியில் இடப்பக்கமாக.

வேலையைத் தராசிலிருந்து தொடங்கினேன். மேசையில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, ஒவ்வொரு குழாயையும் அதன்மேல் மெதுவாகச் சாய்த்து, 50 நாணயங்களையும் சேர்த்து எடை போட்டேன். 50 வெள்ளி டைம் என்றால் 125 கிராம் இருக்க வேண்டும். நான்கு குழாய்கள் 124.9இலிருந்து 125.2க்குள் வந்தன. தனி நாணயத்தில் துளி கூடக்குறைய இருப்பது இயல்பு என்பதால் அது சரி. 1964 என்று எழுதிய குழாய் மட்டும் 124.1 காட்டியது. திரும்பவும் போட்டேன், அதே 124.1.

அந்த 50ஐயும் அடுக்காக நிற்கவைத்து விளிம்பைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. வெள்ளி டைமின் விளிம்பு முழுக்க ஒரே வெள்ளை. அடுக்கின் நடுவே நான்கு நாணயங்களின் விளிம்பில் செம்புக் கோடு ஓடியது. எடுத்துப் பார்த்தால் 1965. செம்பு நடுவில் இருக்க, இரு புறமும் செம்பு-நிக்கல் தகடு ஒட்டிய புது வகை, எடை 2.27 கிராம். நான்குக்கும் சேர்த்துக் குறைவது சுமார் 0.9 கிராம். தராசு காட்டிய குறையும் அதுதான். குழாயில் இடம் இருந்ததால் பின்னாளில் சில்லறையிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கலாம். ஆக வெள்ளி நாணயம் 309.

இந்த மாற்றம் வந்த கதை விலை பார்க்கிறவருக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். ஒரு டைமில் இருக்கும் வெள்ளி 2.25 கிராம், அதாவது 0.0723 ட்ராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கத்துக்கு விலை சொல்லும் அளவு, சுமார் 31.1 கிராம்). வெள்ளி அவுன்ஸுக்கு 1 டாலர் 38 சென்டைத் தாண்டினால், பத்து சென்ட் நாணயத்துக்குள் இருக்கும் வெள்ளி பத்து சென்டைத் தாண்டிவிடும். 1963இல் வெள்ளி 1 டாலர் 29 சென்டைத் தொட்டது. மக்கள் நாணயங்களைப் பதுக்கத் தொடங்க, நாடெங்கும் சில்லறைத் தட்டுப்பாடு. நாணயச்சாலைகள் இரவு பகலாக அடித்தன, 1964 என்ற ஆண்டை மாற்றாமல் 1965இலும் அடித்தன. 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் டைமிலிருந்து வெள்ளியை முழுதாக எடுத்துவிட்டது. இதனால் 1964 டென்வர் டைம் மட்டும் 135 கோடிக்கு மேல் இருக்கிறது. பிலடெல்பியாவில் ஏறத்தாழ 93 கோடி. புழங்காத நிலையில்கூட அது அரிய பொருள் ஆக முடியாது. அந்த இரண்டு குழாய்களுக்கும் வெள்ளி விலைதான் விலை என்று தாளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அடிமட்ட விலைக்கான கணக்கு எளிது. அன்றைய வெள்ளி விலையை 0.0723 ஆல் பெருக்க வேண்டும். அப்போது வெள்ளி அவுன்ஸுக்கு 30 டாலர் பக்கம் இருந்ததால் 30 என்றே வைத்துக்கொண்டேன். ஒரு டைமுக்கு 2 டாலர் 17 சென்ட். 309க்கு 670 டாலர் சொச்சம். வியாபாரிகள் பேசும் மொழியில் சொன்னால் முகமதிப்பைப் போல் 21.7 மடங்கு. தேய்ந்த நாணயங்களுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு பேசுவார்கள், இவை தேயாதவை என்பதால் முழுக் கணக்கும் பொருந்தும். எதையுமே ஆராயாமல், உருக்கினால் கிடைக்கும் வெள்ளிக்கே 670 டாலர். அந்தக் கடை சொன்னது 313. அன்று மாலையே அந்த அம்மாவிடம் போய் இதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விற்கவேண்டாம் என்று சொல்லவில்லை, இதற்குக் கீழே யார் கேட்டாலும் தலையாட்டாதீர்கள் என்றேன்.

சரி, இனி நிலை பார்க்கும் வேலை. இதுதான் கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை.

நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறை அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. 60இலிருந்து 70 வரை புழங்காதவை. பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி என்ற இரு நிறுவனங்கள் இந்த எண்ணைக் கொடுத்து நாணயத்தைக் கூட்டில் அடைத்து அனுப்புகின்றன. 63க்கும் 65க்கும் உள்ள வேறுபாடு ஓரளவு கண்ணுக்குப் பிடிபடும். 66க்கும் 67க்கும் உள்ளது மயிரிழை. ஆனால் விலைப் பட்டியலில் அந்த மயிரிழை பல மடங்கு ஆகிவிடும். தரம் பார்க்கப்படாத தொகுப்பை வைத்திருப்பவர்கள் ஏமாறுவதும், ஏமாற்றப்படுவதும் இங்கேதான். பட்டியலின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து, நம்முடையதும் அதுதானே என்று தோன்றும். கூட்டில் இல்லாத நாணயத்துக்கு வாங்குகிறவர் 63, 64 விலைதான் கொடுப்பார். அதனால் நானும் அதையே அளவுகோலாக வைத்தேன்.

பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கில் பழைய மஞ்சள் பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டேன். நாணயத்தை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தால், புழங்காத நாணயத்தின்மேல் ஒளிக்கீற்று வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி வரும். அச்சு அழுத்தும்போது வெள்ளி ஓடிப் பரவிய நுண்ணிய வரிகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அது. கையில் புழங்கினால் முதலில் அழிவது அந்த வரிகள்தான். ரூஸ்வெல்ட் முகத்தில் காதுக்கு மேலிருக்கும் முடியும் கன்னமும், மெர்க்குரியில் காதுக்கு முன்னாலிருக்கும் முடியும் இறகும் உயரமான இடங்கள். அங்கே சாம்பல் பூத்தாற்போல் மங்கி, சுற்றிவரும் ஒளி அந்த இடத்தில் அறுந்தால் அது புழங்கிய நாணயம். மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய வெட்டு வேறு மாதிரி இருக்கும், பளிச்சென்று கூர்மையாகத் தெரியும். அதனால் எண் குறையுமே தவிர, புழங்காதது என்ற தகுதி போகாது.

குழாய்களில் 1955 எஸ் எனக்கு ஆசை காட்டியது. சான் பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டோடு நாணயம் அடிப்பதை நிறுத்தினார்கள், பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்கினார்கள். 1955 பிலடெல்பியா டைமும் வெறும் 1 கோடியே 24 லட்சம்தான், வெள்ளி ரூஸ்வெல்ட் வரிசையிலேயே மிகக் குறைவு. அப்படியென்றால் விலை உச்சத்தில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. குறைவாக அடிக்கிறார்கள், இனி அடிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததும் மக்கள் வங்கியிலிருந்து சுருள் சுருளாக வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அவை இன்றும் புத்தம் புதிதாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. இந்த வரிசையின் நட்சத்திரம் 1949 எஸ். அது 1 கோடியே 35 லட்சம் அடிக்கப்பட்டது, 1955ஐவிட அதிகம். அப்போது அதை எடுத்துவைக்க யாருக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை, சில்லறையாகச் செலவழித்துத் தேய்த்துவிட்டார்கள். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் எடுத்து வைத்தார்கள் என்பதே புழங்காத நாணயத்தின் விலையை முடிவுசெய்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் பட்டியல்களைப் படிப்பது எனக்கு எளிதானது.

மெர்க்குரி டைம்கள் பதினைந்தும் அழகு. அடால்ஃப் வெய்ன்மன் வடித்தது. உண்மையில் அது இறகு வைத்த தொப்பி அணிந்த சுதந்திர தேவி, ரோமானியக் கடவுள் மெர்க்குரி என்று மக்கள் நினைத்துக்கொண்டு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பின்பக்கம் கோடரியோடு கட்டிய கோல் கட்டு. அந்தக் கட்டின் நடுவில் இரண்டு பட்டைகள் குறுக்கே ஓடும். அவற்றுக்கு இடையே கோடு முழுதாகப் பிரிந்து தெரிந்தால் முழுப் பட்டை என்று தனி விலை. 1945 பிலடெல்பியா நாணயம் ஒன்றில் முழுப் பட்டை இருந்தால் அது பெரிய புதையல். கிட்டத்தட்ட 16 கோடி அடித்தும் அந்த ஆண்டு அச்சு சரியாக அழுந்தாமல் போனதால் முழுப் பட்டை மிக அபூர்வம். லென்ஸை வைத்து அதைத்தான் முதலில் பார்த்தேன். நடுவில் பட்டைகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. 1942இல் இரண்டுக்கு அடியில் பழைய ஒன்று எட்டிப்பார்க்கும் பிழை நாணயம் உண்டு, அதுவும் இல்லை. 1944 டி, 1941 எஸ் இரண்டில் மட்டும் பட்டை தெளிவாகப் பிரிந்திருந்தது. இவை இரண்டும் அந்த நிலையில் தாராளமாகக் கிடைப்பவை, ஆனாலும் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது.

நீல ஏட்டைக் கடைசி வாரத்துக்கு வைத்திருந்தேன். அங்கேதான் ஒரு தவறும் செய்தேன். அட்டைத் துளையிலிருந்து நாணயத்தை வெளியே எடுக்க, பின்னாலிருந்து தள்ளுவதற்கு வழியில்லை. ஓரத்தில் நகத்தால் நெம்பியபோது 1950 எஸ் துள்ளி வர, அனிச்சையாகக் கட்டைவிரலால் அதன் முகத்தை அழுத்திப் பிடித்துவிட்டேன். ரூஸ்வெல்ட் கன்னத்தில் என் ரேகை. விரலின் எண்ணெயும் உப்பும் அப்படியே விட்டால் சில மாதங்களில் வெள்ளிக்குள் இறங்கி, எடுக்கவே முடியாத தடமாகிவிடும்.

உடனே செய்தது இது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வெளித் திண்ணையில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், நாணயத்தை அதில் இரண்டு நிமிடம் கிடத்தினேன். விளிம்பைப் பிடித்து எடுத்து, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, தானாகக் காயவிட்டேன். தேய்க்கவில்லை, ஒற்றவும் இல்லை. அசிட்டோன் எண்ணெயைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. ரேகை போய்விட்டது. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் வேறு சேர்மானங்களும் இருக்கும், அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்புறம் மிச்ச நாணயங்களுக்குப் பருத்திக் கையுறை தேடிப் போட்டுக்கொண்டேன்.

துலக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்போம். கருத்த வெள்ளியைக் கண்டால் கை தானாகத் திருநீற்றைத் தேடும். விளக்குக்கு அது அழகு. நாணயத்துக்கு அதைச் செய்தால், நான் மேலே சொன்ன ஓடிப் பரவிய வரிகள் எல்லாம் அழிந்து, சேகரிப்பவர் பார்வையில் அது உருக்குவதற்கான வெள்ளித்துண்டு ஆகிவிடும். வெள்ளி துலக்கும் திரவங்களும் மேற்பரப்பைக் கரைத்துத்தான் பளபளப்பைக் கொடுக்கின்றன.

இதை எழுதக் காரணம் 1949 எஸ். ஏட்டைத் திறந்ததும் கண் அதற்குத்தான் போனது. மற்ற 47ம் ஓரங்களில் லேசாகப் பொன்னிறமோ நீலமோ ஏறி இருக்க, அது ஒன்று மட்டும் வெள்ளைவெளேரென்று மின்னியது. விளக்குக்குக் கீழே சாய்த்தேன். சக்கரம் சுற்றவில்லை. லென்ஸில் பார்த்தால் முகத்தின்மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். துணியால் துடைத்த தடம். அந்த அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு அது ரொம்பப் பிடித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். காட்டுவதற்கு முன்னால் சட்டை நுனியில் ஒரு துடை துடைப்பார்," என்றார். முப்பது நாற்பது வருடம் இப்படித் துடைத்திருப்பார். தொகுப்பிலேயே விலை மிகுந்திருக்க வேண்டிய நாணயம், அன்பினாலேயே தேய்ந்துபோயிருந்தது. சொல்வதற்குத் தயங்கினேன், ஆனாலும் சொன்னேன். விலை கேட்டு வந்தவரிடம் மறைப்பது தவறு.

அதே ஏட்டில் நல்ல செய்தியும் இருந்தது. 1951 எஸ் கைபடாமல் இருந்தது. அட்டையில் இருக்கும் கந்தகம் பல்லாண்டுகளாக ஓரத்திலிருந்து உள்நோக்கி வேலை செய்ததில், விளிம்பைச் சுற்றி ஊதாவும் செம்பொன்னும் கலந்த வளையம். அதற்கு அடியில் ஒளிச்சக்கரம் தடையின்றிச் சுற்றியது. பின்பக்கம் தீப்பந்தத்தின் குறுக்குப் பட்டைகள் மேலும் கீழும் தெளிவாகப் பிரிந்து, நெடுக்குக் கோடுகளும் முழுதாக இருந்தன. 48இல் அப்படி இருந்தது இது ஒன்றுதான். தர நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கட்டணமும் காப்பீட்டோடு போக வர அஞ்சலும் சேர்த்தால், 66 கிடைத்தால்கூட அந்த விலையில் பெரும்பகுதி செலவிலேயே போய்விடும். 67 வந்தால் லாபம். 67 வரும் என்று என் கண்ணால் உறுதி சொல்ல முடியவில்லை. அனுப்பவேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

விலை ஒப்பிட ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பார்த்தேன். கேட்கும் விலை யாரும் என்னவும் போடலாம், பணம் கைமாறிய விலைதான் விலை. குழாய்களில் இருந்த 246 வெள்ளிக்கு 534 டாலர், வெள்ளிக் கணக்கு மட்டும். 1955 எஸ்ஸுக்கு அதற்குமேல் கொஞ்சம் கிடைக்கலாம். மெர்க்குரிகள் வெள்ளி மதிப்பைப் போல் மூன்று நான்கு மடங்கு விற்றிருந்தன. முழு ரூஸ்வெல்ட் ஏடுகள் வெள்ளி மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு. எல்லாம் சேர்த்து 750இலிருந்து 850 டாலர் என்று எழுதி, கணக்குப் போட்ட தேதியையும் வெள்ளி விலையையும் தாளின் தலைப்பிலேயே குறித்தேன். வெள்ளி மாறினால் தாளும் மாறவேண்டும்.

அந்தத் தாளோடு ஒரு சனிக்கிழமை இருவரும் நாணய வியாபாரி ஒருவரிடம் போனோம். அவர் தாளைப் படித்துவிட்டு, குழாய்களை எடை போட்டுப் பார்த்து, வெள்ளிக் குழாய்களுக்கு முகமதிப்பைப் போல் 20 மடங்கு தந்தார், 492 டாலர். வெள்ளி மதிப்புக்குச் சற்றுக் கீழே, அவருக்கும் வியாபாரம் நடக்கவேண்டும், நியாயமான விலை. நான்கு 1965களையும் தனியே எடுத்து எங்கள் பக்கம் நகர்த்திவைத்தார்.

மெர்க்குரிகளையும் ஏட்டையும் அந்த அம்மா விற்கவில்லை. கந்தகம் இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் உறைகள் வாங்கிவந்து, மறுநாள் மதியம் அவர் வீட்டு மேசையில் ஒவ்வொன்றாக மாற்றினோம். நான் கையுறையோடு எடுத்துக் கொடுக்க, அவர் உறையில் ஆண்டையும் எழுத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். 1949 எஸ் வந்தபோது, அதை நானே வைக்கிறேன் என்றார். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, விளக்குக்குக் கீழே ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். அப்புறம் உறைக்குள் இறக்கி மூடினார்.